பிள்ளை மடுவம்: அம்மாயி இல்லாத ஊரில் எங்களை வளர்த்தது யார்?

கடந்த செமஸ்டரில் சமூக வரலாறு வகுப்பு ஒன்றில் விரிவுரையாளர் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டார். "சின்ன வயதில், அம்மா வேலைக்குப் போன நேரம் உங்களைப் பார்த்துக்கொண்டது யார்?" யாழ்ப்பாணத்துத் தோழி "அம்மம்மா" என்றாள். மட்டக்களப்பு நண்பன் "பெரியம்மா வீட்டில்தான் கிடப்பேன்" என்றான். பிறகு எங்கள் முறை வந்தது. எங்களில் ஒருத்தி எட்டியாந்தோட்டைப் பக்கம், ஒருத்தன் இறக்குவானைப் பக்கம், இன்னொருத்தி பலாங்கொடைப் பக்கம். மூன்று பேரும் பேசி வைத்தது மாதிரி ஒரே பதிலைச் சொன்னோம்: "புள்ளைக் காம்பரா."

வகுப்புக்கு விளங்கவில்லை. "அப்பிடின்னா?" என்று கேட்டார்கள். தோட்டத்தில் அம்மாமார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம், ஒரு ஆயா இருப்பார், கூரையில் சேலைத் தொட்டில்கள் தொங்கும் என்று விளக்கினோம். "ஓ, டே கெயார்" என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தோம். ஆனால் அந்தச் சொல் பொருந்தவே இல்லை. கொழும்பில் டே கெயார் வந்தது எங்கள் கண் முன்னால். எங்கள் அம்மா அந்த மடுவத்தில் கிடந்தவர். அம்மாவின் அம்மாவும் அதே மடுவத்தில் கிடந்தவர். மூன்று தலைமுறையாகப் பாட்டியின் மடிக்குப் பதிலாக ஒரு கட்டிடம் எப்படி வந்தது? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து நாங்கள் படித்ததும், வீட்டில் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

ஊரில் இருந்தது என்ன?

எங்கள் முன்னோர் வந்த இடங்கள் தெரிந்தவைதான். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர் பக்கத்து வறண்ட கிராமங்கள். அங்கே வாழ்க்கை சுகமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்தித்தான் பெரும்பாலானோர் கடல் தாண்டினார்கள். ஆனாலும் ஒரு குழந்தை பிறந்தால் என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். பத்தியச் சோறும் காயச் சரக்கும் அம்மாயி கையால். காதுகுத்து தாய்மாமன் மடியில். பிள்ளை அழுதால் தூக்க நாலு கை, சண்டை போட நாலு வாய். தாலாட்டுப் பாட்டில்கூடத் தாய்மாமன் சீர் கொண்டுவருவார். பிள்ளை வளர்ப்பது ஒருத்தியின் வேலை என்று யாரும் நினைக்கவில்லை. பெயர் வைக்காத ஒரு கூட்டுறவுச் சங்கம் மாதிரி அது நடந்துகொண்டிருந்தது.

கப்பலில் ஏறியவர்கள் அந்தச் சங்கத்தை அக்கரையில் விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆரம்பத்தில், அதாவது 1820களுக்குப் பிறகு வந்த கோப்பிக் காலத்தில், இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் கூடுதல் ஆள் வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் சில மாதம் வேலை செய்துவிட்டுத் திரும்பினார்கள். பிள்ளையும் பாட்டியும் ஊரில்தான் இருந்தார்கள்.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்துபோனது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைச் செடி வருடம் முழுக்கக் கொழுந்து விடும், வாரத்துக்கு ஒரு தடவை சுற்றி வந்து கிள்ள வேண்டும். அதனால் வருடம் முழுக்க ஆள் வேண்டும், அதுவும் குறைந்த சம்பளத்துக்கு வேண்டும். பெண்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து நிரந்தரமாகக் குடியிருத்தும் வழக்கம் அப்படித்தான் பரவியது.

எங்கள் சபரகமுவையின் கதையில் இன்னொரு மரமும் இருக்கிறது. 1876இல் கம்பஹா பக்கத்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர் கன்றுகள் நடப்பட்டன. உலகத்தில் மோட்டார் வண்டி பெருகி டயருக்குத் தேவை கூடியபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைச்சரிவுகள் இறப்பர் காடாக மாறின. களனிப் பள்ளத்தாக்கு ரயில் அவிசாவளைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் வந்தது. 1912இல் இரத்தினபுரியை எட்டியது. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, ஊசி போட்டு, ஏற்றி அனுப்பினார்கள். இப்போது வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிள்ளைகளும் வந்தன, லயத்திலேயே பிறக்கவும் ஆரம்பித்தன. பாட்டிமார் பெரும்பாலும் வரவில்லை. வேலை செய்ய முடியாத கிழவிக்குக் கங்காணி ஏன் முன்பணம் கொடுக்கப்போகிறார்?

கணக்குக்குள் வராத பிள்ளை

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் உறவே இல்லாமல் வரவில்லை. கங்காணி தன் ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் சாதிக்காரர்களையும்தான் முதலில் கூட்டி வந்தார். ஒரு லயத்தில் பத்துக் காம்பரா இருந்தால் அதில் ஐந்தாறு வீடு ஏதோ ஒரு விதத்தில் சொந்தமாக இருக்கும். சொந்தம் இல்லாதவர்களும் "முறை" வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பராக்காரி சித்தி ஆனாள், எதிர்லயத்துக்காரர் மாமா ஆனார். காதுகுத்துக்கு மடி கொடுக்க ஒரு மாமன் எப்படியும் கிடைத்தார்.

ஆனால் அந்தச் சித்தியும் மாமாவும் அதே நேரத்தில் அதே மலையில் வேலைக்கு நிற்க வேண்டியவர்கள். ஊரில் இருந்த ஏற்பாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். உறவு இருந்தது, ஆனால் உறவுக்கு நேரம் இருக்கவில்லை.

விடியுமுன் தப்பு அடித்து எழுப்புவார்கள். இருட்டோடு பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். பேர் விழுந்தால்தான் சம்பளம். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்கும் கங்காணிக்கு இத்தனை சதம் என்று தலைக்காசு கிடைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு அம்மா காம்பராவில் தங்கினால் அவளுடைய சம்பளமும் போகும், கங்காணியின் காசும் போகும், துரையின் கொழுந்தும் குறையும். பிள்ளையோடு வீட்டில் இருப்பது மூன்று பேருக்கு நட்டமான காரியம் ஆகிவிட்டது. அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகங்களில் கொழுந்து இறாத்தல் கணக்கில் இருக்கும், அரிசி புசல் கணக்கில் இருக்கும், கடன் சதக் கணக்கில் இருக்கும். பிள்ளை பார்த்த நேரத்துக்கு எந்தப் பத்தியும் கிடையாது.

அப்போது பிள்ளைகளை என்ன செய்தார்கள்? எங்கள் வீட்டுக் கிழவிகள் சொல்கிற வழிகள் மூன்று. ஒன்று, மலைக்கே தூக்கிப் போய் மரத்தில் சேலைத் தொட்டில் கட்டுவது. மழை பெய்தால் பிள்ளையும் நனையும், அட்டையும் கடிக்கும். இரண்டு, ஆறேழு வயது அக்காவிடம் விடுவது. எங்கள் பாட்டிமாரில் பலர் பள்ளிக்கூடம் போகாததற்குச் சொல்லும் காரணம் இதுதான்: "தம்பியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன், எங்க படிக்க?" 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டிய பொறுப்பு தோட்டத்தின் தலையில் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த அக்காமார் இடுப்பில் ஏற்கெனவே ஒரு பொறுப்பு இருந்தது. மூன்றாவது வழி, மலையேற முடியாமல்போன ஒரு வயதான பெண்ணிடம் ஒப்படைப்பது. இந்த மூன்றாவது வழிக்குத்தான் பிறகு கூரை போட்டார்கள்.

மடுவம் என்ற சொல்

பிள்ளைக் காம்பராவுக்குப் பிள்ளை மடுவம் என்றும் பெயர். மடுவம் என்ற சொல் சிங்களத்து "மடுவ"விலிருந்து வந்தது. கொட்டகை என்று அர்த்தம். தோட்டத்தில் மாட்டு மடுவம் உண்டு, கொழுந்து மடுவம் உண்டு, பிள்ளை மடுவமும் உண்டு. மாட்டையும் கொழுந்தையும் வைக்கிற மாதிரி பிள்ளையையும் வைத்தார்கள் என்று கோபத்தோடு இதை எழுத நினைத்தோம். பிறகு ஒன்று தெரிய வந்தது. 1844இல் பாரிஸில் பிர்மின் மார்போ என்பவர், வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களின் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் திறந்து அதற்கு "கிரெஷ்" என்று பெயர் வைத்தார். இன்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் சொல் அதுதான். பிரெஞ்சில் அதன் அர்த்தம் மாட்டுத் தொட்டி, இயேசு பிறந்தபோது கிடத்தப்பட்ட தொட்டி. ஆக, பாரிஸிலும் தெரணியகலையிலும் ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த பெயர் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பிரச்சினையும் ஒன்றுதான். தொழிற்சாலையும் தோட்டமும் பெண்ணை வேலைக்கு இழுத்த எல்லா இடத்திலும் "பிள்ளையை என்ன செய்வது?" என்ற கேள்வி வந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில், 1920களில், பிள்ளை அழாமல் தூங்கக் கொஞ்சம் அபின் கொடுத்துவிட்டு அம்மாமார் மில்லுக்குப் போனார்கள் என்று பதிவுகள் இருக்கின்றன. அவர்களைக் கெட்ட தாய்மார் என்று எழுதிய கனவான்கள் நிறைய. நீண்ட நேர வேலையைக் கெட்ட வேலை என்று எழுதியவர்கள் குறைவு.

சட்டம் என்ன சொன்னது?

தோட்டத்துச் சிசு மரணம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடப் பயங்கரமாக இருந்தது. இந்தியாவிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டுமானால் அங்குள்ள அரசாங்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த நெருக்கடியில்தான் சட்டங்கள் வந்தன.

1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் துரைக்கு இரண்டு கடமைகளைக் கொடுத்தது. பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு 30 நாள் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும், வைத்தியர் சொன்னாலொழிய அந்த நாட்களில் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சரியான பராமரிப்பும் போஷாக்கும் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதாவது அம்மாயி செய்த வேலையைச் சட்டம் துரையிடம் கொடுத்தது! முப்பத்தோராம் நாள் பச்சை உடம்போடு கூடையைத் தூக்கலாம் என்பதும் அதற்குள் அடக்கம்.

1939இல் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தது, 32ஆம் இலக்கம். பிற்காலத்தில் திருத்தங்களோடு அதில் சேர்ந்த ஏற்பாடுகளை நாங்கள் இரண்டு தடவை வாசித்தோம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய்க்கு நாளைக்கு இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும். காப்பகம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் குறைந்தது 30 நிமிடம், இல்லையென்றால் ஒரு மணி நேரம்.

முதல் வாசிப்பில் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் வாசிப்பில் எங்கள் தோழிதான் கேட்டாள்: "காப்பகம் இருந்தா அரை மணித்தியாலம், சரி. மலையிலிருந்து எறங்கி மடுவத்துக்கு வரவே இருபது நிமிசம் ஆவுமே?" காப்பகம் கட்டுவது பிள்ளைக்கு நல்லது. தாயின் நேரத்தில் பாதியை மிச்சம் பிடிப்பதால் தோட்டத்துக்கும் நல்லது. பிள்ளை மடுவத்தின் வரலாறு முழுக்க இந்த இரண்டு நன்மைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இறப்பர்த் தோட்டத்தில் இது இன்னும் சிக்கல். இறப்பர்ப் பால் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுபோகும். இருநூறு முந்நூறு மரம் வெட்ட வேண்டுமானால் வெளிச்சம் வரும்போதே காட்டில் நிற்க வேண்டும். ஆனால் எங்கள் சின்ன வயதில் மடுவம் திறந்தது அதற்குப் பிறகு. அந்த இடைப்பட்ட நேரத்துக்குப் பிள்ளைகள் யாரிடம்? தூங்குகிற பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போன கதையை எங்கள் அம்மா ஒருவர் இன்னும் குரல் தழுதழுக்கத்தான் சொல்வார். "முழிச்சிக்கிட்டு அழுதிச்சோ என்னமோ, யாருக்குத் தெரியும்? மரத்துக்கு மரம் அந்த நெனப்புதான்."

ஆயா

மடுவத்துக்கு உயிர் கொடுத்தது சட்டமா என்று கேட்டால், எங்கள் பதில் ஆயா என்பதுதான்.

முப்பது நாற்பது வருடம் கொழுந்து கிள்ளி, முதுகு வளைந்து, மலை ஏற முடியாமல் போனவரைத்தான் பெரும்பாலும் ஆயாவாக வைத்தார்கள். பயிற்சி எல்லாம் ரொம்பப் பிந்தி வந்தது. ஒரே ஆளாக இருபது முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒன்றுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டே இன்னொன்றுக்கு மூக்குச் சிந்தி, பெரிய பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துச் சோறு ஊட்டுவார். 1970களில் திரிபோஷா வந்த பிறகு அதை உருண்டை பிடித்துக் கையில் கொடுப்பதும் அவர் வேலை. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாலாட்டு, எது தூங்கும்போது எந்தப் பக்கம் சாயும் என்று அம்மாவுக்குத் தெரியாததும் அவருக்குத் தெரியும்.

தோட்டம் அவரை வேலைக்கு உதவாத கிழவி என்று மலையிலிருந்து இறக்கியது. பிள்ளைகள் அவரை "அம்மாயி" என்று கூப்பிட்டன. சொந்த அம்மாயி அக்கரையிலேயே செத்துப்போன பிள்ளைகளுக்கும் அப்படி ஒருத்தி கிடைத்தாள். துரை கட்டியது ஒரு கொட்டகை. அதை வீடாக்கியது அவர்தான். அதற்கு அவருக்குக் கிடைத்தது தோட்டத்தின் மிகக் குறைந்த சம்பளங்களில் ஒன்று. சொல்லப்போனால் மலையில் நின்ற பெண்களுக்கே 1984இல்தான் ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் வந்தது. ஆயாவின் வேலையை யார் மதித்தார்கள்?

இரண்டாவது பிரிவு

எங்களுக்கு மிகவும் வலித்த பகுதி இது.

1930கள், 40கள் ஆகும்போது லயங்களில் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. முதலில் வந்த பெண்கள் பாட்டி ஆனார்கள். விட்டு வந்த அந்தக் கூட்டுறவுச் சங்கம் மெல்ல மெல்ல இக்கரையில் மறுபடி முளைத்தது. வேலையிலிருந்து நின்ற அம்மாயி, பக்கத்துக் காம்பராவில் மாமன், அடுத்த தோட்டத்தில் கட்டிக்கொடுத்த அத்தை. தலைப்பிரசவத்துக்குப் போக ஒரு தாய் வீடு, பத்தடி நீளக் காம்பராதான் என்றாலும், இங்கேயே இருந்தது.

அப்போதுதான் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அத்தனை பேரையும் நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இதைத் தேதியும் எண்ணும் மனப்பாடம் செய்து எழுதினோம். எண்களுக்குள் குடும்பங்கள் எப்படி உடைந்தன என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் வீடுகளில் கேட்டால் தெரியும். தாத்தா இந்தியாவுக்கு எழுதிப்போட்டார், மகன் இலங்கைக்கு எழுதிப்போட்டான். ஒரே காம்பராவில் இரண்டு நாடு! பாட்டி தலைமன்னாரில் கப்பல் ஏறினார். பேரப்பிள்ளை எட்டியாந்தோட்டையில் நின்றது. போனவர்களில் பலர் நீலகிரிக்குப் போய், அரசாங்கம் 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து கிள்ளினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றைக்கும் எங்களுக்குச் சித்திமார் இருக்கிறார்கள். முகம் தெரியாது. முதல் தலைமுறை உறவை விட்டுவிட்டு வந்தது கடனாலும் பசியாலும். இந்தத் தடவை உறவைப் பிரித்தது இரண்டு அரசாங்கங்களின் பேனா.

சபரகமுவையில் மிஞ்சியவர்களுக்கு அதோடும் முடியவில்லை. 1970களின் நடுவில் பஞ்சம். 1974இல் தோட்டத்துச் சிசு மரண வீதம் நாட்டுச் சராசரியின் இரண்டு மடங்கையும் தாண்டியிருந்தது. 1977இல் கலவரம். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கம் லயங்கள் எரிந்தன. 1983 மறுபடி. கைக்குழந்தையோடு இறப்பர்க் காட்டுக்குள் இரவைக் கழித்தவர்களும், பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வீட்டு ஆச்சி பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்ததை மறக்காதவர்களும் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. நிறையப் பேர் வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். அங்கே காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியமர்த்தின. அங்கும் பிள்ளைகளைப் புது மண்ணில், உறவில்லாத இடத்தில் முதலிலிருந்து வளர்க்க வேண்டியிருந்தது. எங்கள் தோழியின் பெரியம்மா குடும்பம் அப்படிப் போனதுதான். பிறகு அவர்களை நாங்கள் பார்த்தது யுத்தம் முடிந்த பிறகு.

பெயர் மாறியது, தொட்டில் மாறியது

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1980களில் வெளிநாட்டு உதவியோடு பிள்ளை மடுவங்களைத் திருத்திக் கட்ட ஆரம்பித்தார்கள். 1992இல் தோட்டங்கள் மறுபடி கம்பெனிகளுக்குப் போனபோது தோட்ட வீடமைப்பு, சமூகநலப் பொறுப்புக்கு ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதன் தொடர்ச்சி. பிள்ளை மடுவம் "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" ஆனது. ஆயா "சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்" ஆனார், பயிற்சி பெற்ற, படித்த இளம் பெண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள். சுவரில் படம், சின்னக் கதிரை, நிறை பார்க்கும் தராசு, தடுப்பூசி அட்டை.

இதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். 1970களில் செத்த மாதிரி தோட்டத்துப் பிள்ளைகள் இன்று சாவதில்லை. அதில் இந்த நிலையங்களுக்கும் மருத்துவமாதுகளுக்கும் பெரிய பங்கு உண்டு. பிரசவ விடுமுறையில் நீண்ட காலம் ஒரு அநியாயம் இருந்தது: முதல் இரண்டு பிள்ளைக்கு 12 வாரம், மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 வாரம். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் 12 வாரம் ஆக்கியது. எங்கள் அக்காமாருக்கு அந்த ஆறு வாரத்தின் அருமை தெரியும்.

ஆனால் கட்டிடம் நன்றாக வந்த அதே காலத்தில் அம்மாமார் தூரமாகப் போக ஆரம்பித்தார்கள். 1970களின் கடைசியில் திறந்த வளைகுடா நாட்டுக் கதவு மெல்ல லயத்துக்கும் வந்தது. குவைத், சவூதி, டுபாய், லெபனான். போக முடியாதவர்கள் கொழும்பில் வீட்டு வேலைக்கு. தோட்டச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். எங்களில் ஒருத்தி பல்கலைக்கழகம் வந்தது அம்மாவின் குவைத் காசில். அவள் ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரை அம்மாவை இரண்டே தடவைதான் பார்த்தாள். வளர்த்தது அப்பாயி. அம்மா அங்கே யாரோ ஒருவரின் பிள்ளையைத் தூக்கி வளர்த்தார்.

2013இல் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாது, போகிற பெண் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்க வேண்டும். 2022இல் பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்டபோது அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளைகளின் நலனுக்குத்தான் விதி என்றார்கள். அப்படியென்றால் டொலர் இல்லாத வருடத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மா தேவையில்லாமல் போய்விடுகிறதா? அப்பாமார் போகும்போது எந்த அறிக்கையும் கேட்கவில்லையே, அது ஏன்?

எங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஞாபகம் வந்தது. கொழுந்து வேண்டிய காலத்தில் 30 நாள் பிள்ளையை விட்டுவிட்டு வா என்றார்கள். பிறகு ஒரு காலத்தில் ஐந்து வருடம் பிள்ளையை விட்டு நகராதே என்றார்கள். பிறகு இரண்டு வருடம் போதும் என்றார்கள். எந்தத் தடவையும் அந்த அம்மாவிடம் "உனக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்ட மாதிரி தெரியவில்லை.

இதை ஏன் எழுதினோம்

மலையக வரலாறு என்றால் கோப்பி, தேயிலை, இறப்பர், துண்டு, கங்காணி, தொழிற்சங்கம், பிரஜாவுரிமை. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஏற்றுமதியான ஒவ்வொரு இறாத்தல் தேயிலைக்குப் பின்னாலும் யாரோ ஒரு கிழவி ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஆட்டாவிட்டால் கொழுந்து மலையிலேயே முற்றியிருக்கும். அவளுடைய வேலையையும் வரலாற்றுக்குள் எழுத வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை வைத்திருக்கிறோம். எங்கள் மூன்று தோட்டத்திலும் உயிரோடு இருக்கிற பழைய ஆயாமாரை போனில் பதிவு செய்யப்போகிறோம். ஒருவருக்கு எண்பது தாண்டிவிட்டது, காது சரியாகக் கேட்காது, சத்தமாகத்தான் பேச வேண்டும். நீங்களும் உங்கள் பக்கத்தில் கேளுங்கள். எத்தனை பிள்ளை பார்த்தீங்க? விடிய எத்தனை மணிக்கு மடுவத்தைத் திறந்தீங்க? நாளைக்கு எவ்வளவு சம்பளம் போட்டாங்க? உங்க சொந்தப் பிள்ளைய அப்போ யாரு பார்த்தாங்க?

அந்தக் கடைசிக் கேள்வியை எங்களில் ஒருத்தி போன விடுமுறையில் கேட்டுப் பார்த்தாள். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுவும் அந்தக் கூட்டத்துலதான் கெடந்துச்சு. எது எம்புள்ளன்னு பாக்க எங்க நேரம்?"